கரப்பான் பண்டம்

என் மனைவி நண்டு சாப்பிடுவதைப் பற்றி அவள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவள் சாப்பிட்டு எழுந்த இடத்தில் பூனைக்கு வேலை இல்லை என்பார்கள். போர்ட் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணன் இன்றும் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்டுதான். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தோம். புது மாப்பிள்ளைக்கு என்று மச்சான் என் தட்டில் வைத்த பெரிய கொடுக்கை அவள் கண்ணிமைக்காமல் எடுத்துக்கொண்டாள். அவருக்கு உடைக்கத் தெரியாது, வீணாகிவிடும் என்று அண்ணனிடம் விளக்கம் வேறு. ஒரு கடி, ஒரு திருகல், சதை முழுசாகக் கையில் வந்துவிட்டது. பாதியை எனக்குத் தந்தாள். அது பாதிக்கும் குறைவு என்று இன்றும் சொல்வேன்.

அவள் மாசமாக இருந்தபோது மசக்கை பாடாய்ப் படுத்தியது. சோற்றைக் கண்டால் குமட்டல், ரசத்தைக் கண்டால் குமட்டல். நண்டு ஒன்றுதான் உள்ளே இறங்கியது. சனிக்கிழமைகளில் படகுத்துறைப் பக்கம் போய் உயிர் நண்டாகப் பார்த்து வாங்கி வந்தது நான்தான். பையைப் பிரித்துப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரமும் போவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எதிலும் இதை நான் சொல்லவில்லை.

மகள் பிறந்தாள். தலை நிற்கும் வயதில் கன்னம் இரண்டும் சிவந்தன. முதலில் ரோஜாப்பூக் கன்னம் என்று கொஞ்சினோம். பிறகு அந்தச் சிவப்பு உரிந்தது, வெடித்தது, நீர் வடிந்தது. தவழத் தொடங்கியபோது முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இறங்கியது. தூக்கத்தில்கூடக் கன்னத்தைத் தலையணையில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தலையணை உறையில் தினமும் ரத்தப் பொட்டு.

பார்க்க வந்த என் அக்கா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்து, படிக்கவைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தவள். கிள்ளானிலேயே எங்களுக்கு இரண்டு தாமான் குடியிருப்பு தள்ளி இருக்கிறாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

“கரப்பான் இது. மாசமா இருக்கும்போது வாரா வாரம் நண்டும் இறாலுமா தின்னா, பிள்ளைக்கு வராம என்னா பண்ணும்?”

கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால், முட்டை, கச்சான் என்கிற நிலக்கடலை. தோலில் கரப்பானைக் கிளப்பிவிடும் என்று எங்கள் ஆட்கள் ஒதுக்கிவைக்கும் பண்டங்கள் இவை. கரப்பான் பண்டம் என்றே பெயர். எவருக்கு உடம்பில் அரித்தாலும் முதல் கேள்வி, என்ன சாப்பிட்டாய் என்பதுதான். பிள்ளைக்கு அரித்தால் அந்தக் கேள்வி தாயிடம் போகும். தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். வாங்கிவந்தது இவர்தான் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் பால் புட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கனவே காய்ந்துதான் இருந்தது.

நண்டு வாங்கித் தந்ததைக்கூட விடுங்கள். அக்காவுக்கும் எனக்கும் தெரிந்த வேறு ஒன்று அந்தக் கூடத்தில் இருந்தது. பள்ளி முடிக்கும் வயது வரை எனக்கும் இதேதான். இதே மடிப்புகள், இதே நீர், இதே தலையணை உறை. வகுப்பில் எனக்கு வைத்த பேர் ‘சிரங்கு’. கால்வாயோரம் முளைத்த குப்பைமேனியைப் பறித்து, உப்பு வைத்து அரைத்து, அக்காதான் பூசுவாள். நான் துடிப்பேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவளும் அழுவாள். கடைசியில் ஒரு கிளினிக் டாக்டர் கொடுத்த களிம்பில்தான் நான் மனிதனானேன். முழுக்கப் போய்விடவில்லை. வேலை நெருக்கினால், காட்டுத்தீப் புகைமூட்டம் ஊரைச் சூழ்ந்தால், முழங்கை மடிப்பில் எட்டிப் பார்க்கும்.

பெண் பார்க்கப் போன அன்று அக்கா எனக்கு முழுக்கைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். கொளுத்தும் வெயில். அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று காரில் கேட்டேன்.

“கேட்டா சொல்லு. கேக்காததைச் சொல்ல நீ என்ன கோர்ட்டுலயா நிக்கிற?”

அவர்கள் சம்பளம் கேட்டார்கள், வீடு கேட்டார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். தோலைப் பற்றி யார் கேட்பார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு மனைவி என் கையைப் பார்த்துக் கேட்டபோது ரயில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். இன்னொரு தடவை சோப்பு. இன்னொரு தடவை கொசு. தினமும் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் போய் வருகிற ஒருவன் ஏசியைக் குறை சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் விவரங்களைச் சரிபார்ப்பவன் நான். ஆஸ்துமாவை மறைத்துப் பாலிசி எடுத்தவர், சர்க்கரையைச் சொல்லாமல் விட்டவர், எல்லாரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், யாரும் கேட்கவில்லையே என்பார்கள். அதெல்லாம் செல்லாது என்று மரியாதையாக எடுத்துச் சொல்வது என் தொழில். நன்றாகவே செய்வேன். மத்தியானம் பக்கத்து வாழையிலைக் கடையில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக ரயிலேறுவேன்.

மகளை முதன்முதலில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அக்காவும் கூட வந்தாள். நடுவயதுச் சீனப் பெண் டாக்டர், பொறுமைசாலி. பிள்ளையின் மடிப்புகளைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது எக்ஸிமா, ஆஸ்துமா, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். மனைவி தன் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்து, யாருக்கும் இல்லை என்றாள். பிறகு டாக்டரும் அவளும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மனைவி.

“நோ, டாக்டர். எங்க பக்கமும் இல்ல.”

வாயைத் திறக்கும்வரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சொன்ன பிறகு, திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. டாக்டர் கையைக் கழுவினார், துடைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் மகளின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதெல்லாம் சுலபமான காரியங்கள்தான். இந்தப் பிள்ளையின் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, சோப்பு போடாமல், உடம்பு ஈரமாக இருக்கும்போதே கெட்டியான கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும். சிவந்த இடத்துக்கு மட்டும் களிம்பு. சிவப்பு அடங்கும் வரை பயப்படாமல் போட வேண்டும். நகம் வெட்ட வேண்டும், பருத்தித் துணி போட வேண்டும். சோதித்துப் பார்க்காமல் எந்தச் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

கார் கதவைச் சாத்தியதும் அக்கா ஆரம்பித்தாள். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் லா, அந்த மருந்து போட்டால் தோல் வெங்காயச் சருகாகிவிடும் என்றாள். மனைவி மனதில் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. பரம்பரையில் இல்லை. இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. அப்படியானால் மிச்சம் இருப்பது அவள் தின்ற நண்டுதான். வேறு காரணம் தேடும் கதவை அவள் முகத்துக்கு நேரே சாத்தியது என் ஒற்றை ‘நோ’.

அன்றிலிருந்து அவள் நண்டு தொடவில்லை. பால் கொடுக்கிறவள் என்பதால் இறால், முட்டை, கருவாடு, கத்தரிக்காய், கச்சான், பசும்பால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் பண்ணுவார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் வருகிறோம் என்பாள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பிள்ளை சாப்பிடும் வயது வந்ததும் அதே கட்டுப்பாடு பிள்ளைக்கும். சோறு, பருப்பு, பூசணிக்காய். பூசணிக்காய், பருப்பு, சோறு. செய்த பாவத்துக்குப் பத்தியம் இருக்கிறவளைப் போல இருந்தாள் மனைவி. ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

களிம்பு விஷயத்தில்தான் நான் செய்தது பெரிய துரோகம். மனைவி கடுகளவு எடுத்து, பயந்து பயந்து தடவுவாள். சிவப்பு கொஞ்சம் மங்கியதும் நிறுத்திவிடுவாள். அடுத்த வாரமே முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். பார்த்தீர்களா, மருந்து கெடுதல்தான் என்பாள். டாக்டர் சொன்ன அளவு போடலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

“தோலு கெட்டுப்போனா? உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? சட்டைக் கையை மடித்து, இதோ பார், வருடக்கணக்கில் போட்ட கை, என்ன கெட்டுப்போயிற்று என்று காட்டியிருந்தால் அன்றோடு பிள்ளையின் பாதித் துன்பம் தீர்ந்திருக்கும். டாக்டர் சொன்னாரே என்று முனகிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேப்பிலைத் தண்ணீர், நலுங்கு மாவு, தேங்காய் எண்ணெய், யாரோ செமினியிலிருந்து கொண்டுவந்து தந்த பச்சிலைத் தைலம். எல்லாம் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை வீறிட்டது. சொறிகிற கையைப் பிடித்து, சொறியாதே என்று நானும் அதட்டினேன். அரிப்பு வந்தால் அப்பன் பேச்சு காதில் ஏறாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அதட்டினேன். விளையாட்டுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் தாய் இது ஒட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டுவிட்டு, தன் மகளை வேறு பாயில் உட்காரவைத்தாளாம். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி அழவில்லை. தீபாவளிக்கு வாங்கியிருந்த குட்டைக்கைச் சட்டையைக் கடையில் மாற்றி, முழுக்கை எடுத்து வந்தாள். அதை உறையிலிருந்து பிரித்துப் பிள்ளைக்கு அளவு பார்த்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

என் மடிப்புகளுக்கும் அவ்வப்போது வரத்தான் செய்தது. குளியலறையில் மகளின் களிம்பை எடுத்து நானும் போட்டுக்கொள்வேன். ஒருநாள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஐந்து வயது இருக்கும் அவளுக்கு, வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னப்பா என்று கேட்டாள். கொசு கடித்துவிட்டது என்றேன்.

“எனக்கும் அங்கதான்பா கொசு கடிக்குது” என்றாள்.

சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் களிம்பு மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தேன்.

அந்த வருடப் புகைமூட்டத்தில் அவள் உடம்பு முழுக்கத் தோல் வெடித்தது. சொறிந்த இடங்களில் தேன் காய்ந்தது போல் மஞ்சள் பொருக்குக் கட்டியது, காய்ச்சல் அடித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தோல் வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டது என்று சொல்லி ஊசி மருந்து ஏற்றினார்கள். பிள்ளையை எடை போட்டபோது நர்ஸ் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். உடுப்பு இல்லாமல் அவள் அவ்வளவு மெலிந்திருப்பதை நானும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

வார்டுக்கு வந்த டாக்டர் இளம்பெண், நம் ஆள்தான், தமிழில் பேசினார். பிள்ளை என்ன சாப்பிடும் என்று கேட்டார். மனைவி சொன்னாள். என்ன சாப்பிடாது என்று கேட்டார். மனைவி சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா நின்றுவிட்டது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றாள். பிறகு அந்தப் பழைய கேள்வி வந்தது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா?

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“யாருக்கும் இல்ல டாக்டர். நான்தான், மாசமா இருக்கும்போது நண்டு சாப்பிட்டேன்.”

போலீஸ் ஸ்டேஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரல் அது. இத்தனை வருடமாக அதை மனதுக்குள் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்பது கேட்டவுடன் புரிந்தது. இப்போதாவது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. நான் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தேன்.

கட்டிலில் படுத்திருந்த மகள்தான் பேசினாள்.

“அப்பாவுக்கும் கொசு கடிக்கும் டாக்டர். எனக்குக் கடிக்கிற எடத்துலயேதான். என் கிரீம்தான் போட்டுக்குவாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மடித்தேன். புகைமூட்டம் என் மடிப்புகளையும் விட்டுவைக்கவில்லை. எப்போதிலிருந்து என்றார். சின்ன வயசிலிருந்து என்றேன். மனைவி பார்க்காத கை இல்லை அது. ஆனால் அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கையைப் போல அதைப் பார்த்தாள்.

டாக்டர் அவளிடம் தன்மையாக எடுத்துச் சொன்னார். நண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தத் தோல் பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. உங்களில் யார் செய்த தப்பும் இல்லை. இரண்டு பேரையும் பார்த்துத்தான் அதைச் சொன்னார். பிள்ளை மெலிந்தது நோயால் அல்ல, சாப்பாடு போதாமல்தான் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். மனைவி தலையைத் தலையை ஆட்டினாள்.

மனைவி கோபமாக இருந்தால் பாத்திரம் உருட்டுகிறவள்; ஆஸ்பத்திரியில் உருட்டப் பாத்திரம் இல்லை. பிள்ளை தூங்கிய பிறகு வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்ககிட்டேருந்து வந்துச்சேன்னு எனக்குக் கோவம் இல்ல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தச் சீன டாக்டர் மொத மொத கேட்டாங்கல்ல, அப்ப நீங்க என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இல்லன்னு சொன்னீங்க. அதத்தான் என்னால மறக்க முடியல.”

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்பது சொன்ன பிறகுதான் தெரிகிறது. அவள் பிள்ளைக்குத் தண்ணீர் புட்டி நிரப்ப எழுந்து போனாள்.

மறுநாள் அக்கா ரசஞ்சோறு கொண்டுவந்தாள். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன், எனக்கு இருந்ததும் கரப்பான்தான் அக்கா, அது எங்கிட்டேருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்கு என்று. உனக்கு வந்தது சூடுடா என்றாள் வழக்கம் போல. பிறகு கேரியர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“நம்ம அம்மாவையும் இப்படித்தான் சொன்னாங்க. கருவாடு தின்னு பிள்ளையைக் கெடுத்துட்டான்னு. சாகுற வரைக்கும் அவங்க கருவாடு தொடல.”

எனக்கு அது தெரியாது. அம்மாவுக்குக் கருவாடு பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தும் அதே சொல்லை இவள்மேல் எப்படிப் போட்டாய் என்று அக்காவிடம் கேட்க வந்தேன். கேட்கவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதை அந்த வார்டில் எனக்குக் கடைசியாகத்தான் வரும். அக்கா என் மனைவியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் வழக்கத்தில் அது கிடையாது. அடுத்த நாள் கேரியரில் பிள்ளைக்கென்று ஒரு அவித்த முட்டை இருந்தது. பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அது பிள்ளை வாய்க்குப் போனது.

வீட்டுக்கு வந்த பிறகு குளிப்பாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ரயிலை விட்டு இறங்கி நேரே வந்து, வெதுவெதுப்பான தண்ணீர், துண்டால் ஒற்றி எடுத்து ஈரத்தோடு கிரீம், சிவந்த இடத்தில் களிம்பு, அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அதற்கு மேல் காய்ந்த துணி. இப்படிச் சுற்றிவிட்டதும் மகள் கையைக் காலை நீட்டிக்கொண்டு, கடையில் மாவுத் தாளில் சுருட்டித் தருவார்களே, அந்தப் பொப்பியா நான் என்று கத்துவாள். என் மடிப்புகளுக்கும் இப்போது கூடத்தில் உட்கார்ந்துதான் போடுகிறேன். எனக்கு அவள்தான் போட்டுவிடுவாள், மிகவும் கறாராக. சில வாரங்களிலேயே தலையணை உறையில் ரத்தப் பொட்டு குறைந்தது. கன்னம் ஏறியது. குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வியர்த்தால் வருகிறது, புகை வந்தால் வருகிறது. வருவதை உடனே பார்த்து அடக்கத் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். இவ்வளவு சின்ன காரியத்தை இத்தனை வருடம் தள்ளிப்போட்டதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என்றாலும் சாப்பிடுகிறேன்.

சாப்பாட்டு வகைகளை டாக்டர் சொன்ன வரிசையில் திரும்பக் கொண்டுவந்தோம். முட்டை, பால், கச்சான், இறால். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக மிஞ்சியது நண்டு. மச்சானுக்குப் போன் பண்ணி, இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மனைவியே சொன்னாள்.

போர்ட் கிள்ளான் வீட்டில் மச்சான் கல்யாண வீட்டுக்குப் போல் நண்டு வாங்கிவைத்திருந்தார். மிளகு தூக்கலாக, அவர் கையாலேயே சமைத்திருந்தார். எல்லாரும் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். மச்சான் சட்டிக்குள் தேடி, இருந்ததிலேயே பெரிய கொடுக்கை எடுத்துத் தங்கை தட்டில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். ஒரு கடி, ஒரு திருகல், கை மறக்கவில்லை. சதை முழுசாக வந்தது. அதை அப்படியே மகள் தட்டில் வைத்தாள்.

மகள் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இன்னொன்று கேட்டாள். மனைவி உடைத்து உடைத்து அவளுக்கே போட்டுக்கொண்டிருந்தாள். தன் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

“அம்மா, நீங்க சாப்பிடல?”

“எனக்கு நண்டு பிடிக்காதும்மா” என்றாள்.

மச்சானின் கையில் கரண்டி அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மனைவி கை கழுவ எழுந்தபோது நானும் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனேன். ஒன்று சாப்பிட்டுப் பாரேன் என்று கெஞ்சினேன். குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

“வாய்கிட்ட கொண்டுபோனா அவ கன்னந்தான் ஞாபகத்துக்கு வருது. என் மேல தப்பு இல்லன்னு தெரியுதுங்க. தொண்டைக்குத்தான் தெரிய மாட்டேங்குது.” கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “அவகிட்ட சொல்லிடாதீங்க. தன்னாலதான் அம்மா விட்டாங்கன்னு அவ நெனைக்கக் கூடாது.”

சொல்ல மாட்டேன் என்றேன். என்னை நம்பி அவள் ஒப்படைத்த முதல் ரகசியம் அது. கருவாடு பிடிக்காத என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். நானும் ஒருநாள் இப்படித்தான் கேட்டிருப்பேன், அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். மகள் தன் தட்டிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“அம்மாவுக்குத்தான் பிடிக்காது. நீங்க சாப்பிடுங்கப்பா.”

மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். நண்டு மிகவும் ருசியாக இருந்தது.